டீக்காக நின்ற படகு

“ஒரு டீயப் போட்டுட்டு ஓடிருவோம் மாப்ள” என்று முத்தையா சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் என் அக்காவின் பேரனுக்குக் காதுகுத்து. முத்தையா அவனுடைய காரில் சமயநல்லூரிலிருந்து வந்து, செல்லூரில் என்னை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வெள்ளை வேட்டி சட்டையோடு தெருமுனையில் நின்றுகொண்டு போன் செய்தால் “பரவை தாண்டிட்டேன்” என்கிறான். பரவை என்றால் பாதி வழி. ஆனால் பின்னால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. எங்கள் ஊரில் ஒருவன் பரவை தாண்டிவிட்டேன் என்று சொன்னால், இப்போதுதான் சோப்பை எடுத்திருக்கிறான் என்று புரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் நானே பஸ் பிடித்துச் சமயநல்லூர் போய், அவனை அவன் காரில் ஏற்றினேன். இந்தக் கூத்தை வேறு எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா, தெரியவில்லை.

பைபாஸில் ஏறி மூச்சு விடுவதற்குள் வண்டி ஓரம் கட்டியது. டீக்கடை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர், முத்தையா கெட்டால் டீக்கடை. வீட்டில் குடித்தாயே என்றால், அது வீட்டு டீயாம். நான் காரை விட்டு இறங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. “ஆரம்பிச்சிட்டாங்க. நீ மெதுவா வா.”

மெதுவா வா. இதை என் அக்கா எழுதியிருக்கிறாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். சொல்கிறேன். முத்தையா இப்போதுதான் இரண்டாவது வடைக்குக் கை நீட்டுகிறான், நமக்கு நேரம் இருக்கிறது.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு டி.வி.எஸ். வண்டி நின்றிருந்தது. பின்னால் கூடை, அதில் கருவாடு. வெயில் ஏற ஏற அந்த வாடை காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கருவாட்டு வாடை பலருக்குப் பழைய சோற்றை ஞாபகப்படுத்தும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு பாய்மரப் படகும், அதில் உட்கார்ந்து டீ கேட்ட இந்த மகா பாவியும்தான்.

இளவட்டமாக இருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் செல்லூரில் ஒரு துணி வியாபாரியிடம் வேலை பார்த்தோம். கடைக்குப் பின்னாலேயே விசைத்தறிக் கொட்டகை. கெட்டியான காடாத் துணிதான் எங்கள் சரக்கு. மெத்தை உறைக்கும் ஜமக்காளத்து அடித்துணிக்கும் போனது போக, கொஞ்சம் கடற்கரைப் பக்கமும் போகும். தொண்டிக்குத் தெற்கே கடலோரக் கிராமங்களில் அப்போதும் பாய் கட்டிய படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் எங்களிடம் துணி வாங்கி, வெட்டித் தைத்துப் பாயாக்கிக்கொள்வார்கள். வைகையில் முழங்கால் தண்ணீரைக்கூட ஒழுங்காகப் பார்த்திராத நாங்கள் கடலுக்குத் துணி விற்றோம் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது அது பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது.

ஆவணி மாதம். அக்காவின் மூத்த பையன் செந்திலுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குலசாமி கோயிலில், மறுநாள் காலை முகூர்த்தம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். கடுக்கனும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது என் மடி மட்டும்தான். அதை அவள் சொன்னதில்லை. எனக்கும் அப்போது அவ்வளவாகத் தெரியாது.

கடுக்கனை முன்னாடியே வாங்கிவிட்டேன். அறையில் வைத்துவிட்டுப் போகப் பயம். கூட இருந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் நல்லவர்களை ஏன் சோதிக்க வேண்டும்? ஒரு பொட்டலமாக மடித்துக் கால்சட்டைக்குள் இருந்த உள்பையில் வைத்துக்கொண்டேன். காதுகுத்துக்கு முதல் நாள் பார்த்து முதலாளி, “ரெண்டு பேரும் தொண்டிப் பக்கம் போயி துணியக் குடுத்துட்டு வந்துருங்கப்பா. மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிறலாம்” என்றார்.

மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பியிருக்கலாம்தான். துணியைக் கொடுத்தாயிற்று, அடுத்த ஆர்டரும் வாங்கியாயிற்று. பஸ் புளியமரத்தடியில் நிற்கிறது. முத்தையாவைக் காணோம். விசேஷ வீட்டுக்குக் கைவீசிக்கொண்டு போகக் கூடாது என்று நண்டு வாங்கப் போயிருக்கிறான். கிடா வெட்டிச் சோறு போடுகிற வீட்டுக்கு எவனாவது நண்டு கொண்டுபோவானா? அவன் ஓலைப் பெட்டியோடு வந்து சேர்ந்தபோது பஸ் கிளப்பிய புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் மறுநாள் காலையில்தான்.

அப்போதுதான் அந்தோணி அண்ணன் வந்தார். எங்களிடம் போன தடவை துணி வாங்கிப் பாய் தைத்தவர். தேவிபட்டினத்துக்குப் படகில் போகிறாராம், அங்கே அவர் மச்சான் வீட்டில் வேலை. “வாங்க தம்பி, பொழுது சாயிறதுக்குள்ள எறக்கி விட்டுர்றேன். அங்கனருந்து ராம்நாட்டுக்கு பஸ் இருக்கு” என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். நான் முழம் போட்டுக் கிழித்துக் கொடுத்த துணி தலைக்கு மேலே விம்மிக்கொண்டு நிற்கிறது. பெட்ரோல் இல்லை, கண்டக்டர் இல்லை, பின்னால் ஹாரன் அடிக்கிறவன் இல்லை. கரை ஓரமாகவே தென்னையும் உடைமரமும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. செல்லூர்ச் சந்துகளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்து பழகியவனுக்கு இவ்வளவு அகலமான பாதை கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடுக்கன் இருந்தது.

பாதி தூரம் போயிருப்போம். கரையில் நாலைந்து குடிசைகளும் ஒரு கீற்றுக் கொட்டகையும் தெரிந்தன. கொட்டகையிலிருந்து புகை வந்தது. முத்தையா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, அது டீக்கடையா?”

“ஆமா தம்பி.”

“அப்ப ஓரமா நிறுத்துங்கண்ணே. ஒரு டீயப் போட்டுட்டு வந்துருவோம்.”

ஓரமா நிறுத்தச் சொல்கிறான். கடலில். நான் அந்தோணி அண்ணனைப் பார்த்தேன். முடியாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கடல்காரர், விவரம் தெரிந்தவர், எத்தனை புயல் பார்த்தவர். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு” என்று பாயை இறக்கினார். டீ விஷயத்தில் கடலுக்கும் கரைக்கும் வித்தியாசமில்லை.

கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடந்தோம். டீ நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். ஒரு வாய் குடித்ததும் உப்பா இனிப்பா என்று நாக்குக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் முத்தையாவுக்கு டீ ஒரு சாக்குதான். பக்கத்தில் பேச ஆள் வேண்டும். ஆள் கிடைத்தார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், மதுரைக்காரர்கள் என்று தெரிந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் மனைவிக்குக் கண்ணில் புரையாம். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்.

மதுரைக்காரனிடம் வழி கேட்கக் கூடாது. தெரியாது என்ற வார்த்தையை நாங்கள் கற்றுக்கொள்ளவே இல்லை. தெரிந்த வழி என்றால் இன்னும் மோசம். முத்தையா ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட ஆரம்பித்தான். “இந்தா பாருங்கண்ணே, இது கோயிலு. சுத்தி சித்திர வீதி. அதச் சுத்தி ஆவணி மூல வீதி. அதுக்கு வெளிய மாசி வீதி.” ஆஸ்பத்திரி இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதற்குக் கோயிலுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கோயிலில் தொடங்காமல் அவனுக்கு வழி சொல்ல வராது. போகிற வழியில் நல்ல இட்லிக் கடை எது, எந்த முக்கில் பாக்கெட் அடிப்பார்கள், எந்த நம்பர் பஸ்ஸில் ஏறினால் ஏமாந்து போவீர்கள் எல்லாம் சொன்னான். குடிசைகளிலிருந்து ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். ஒரு பெண், அவள் கொழுந்தன் மதுரையில் தச்சு வேலை பார்ப்பதாகவும், பார்த்தால் விசாரிக்கும்படியும் சொன்னாள். விசாரிப்பதாக வாக்குக் கொடுத்தான்.

“மாப்ள, போவோம்டா” என்றேன்.

“இந்தா, தெக்குமாசி வீதி முடிஞ்சிருச்சு. அஞ்சு நிமிஷம்.”

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கடல் இல்லை.

மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். படகு இருந்தது, அதைச் சுற்றிக் கடல் இல்லை. சேறும் பாசியும் நண்டு வளையும் தெரிய, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில் வெள்ளிக் கோடாக மின்னியது. அந்தப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது, சில நாள் இப்படி உள்வாங்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வைகை ஆற்றைத்தான் வற்ற வைத்தோம் என்றால், நாங்கள் காலை வைத்ததும் கடலும் வற்றிவிட்டது.

“என்னண்ணே இது?” என்றேன்.

“தண்ணி உள்வாங்கிருச்சு தம்பி.”

“எப்பண்ணே வரும்?”

“வரும்போது வரும்.”

தள்ளிப் பார்த்தோம். என் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். நடந்தே போகலாம் என்றால் வழியெல்லாம் உப்பளமும் கழிமுகமும். ரோட்டுக்குப் போக மாட்டுவண்டிகூட இல்லை. போன் என்கிற வஸ்து அந்தக் குடிசைகள் பக்கம் வந்திருக்கவே இல்லை. போதாக்குறைக்குக் காற்றும் விழுந்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இது ஆவணி, என் சட்டைக் காலர்கூட அசையவில்லை. முத்தையா தொங்கிக் கிடந்த பாயை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஒருவேள நம்ம துணி சரியில்லையோ?” என்றான். அவனை அந்தச் சேற்றிலேயே ஊன்றிவிட்டு வந்திருந்தால் இப்போது பைபாஸில் நான் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ராத்திரி டீக்கொட்டகையிலேயே படுத்தோம். விசேஷத்துக்கு வாங்கிய நண்டை அந்தக் குடிசைப் பெண்களிடமே கொடுத்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு முத்தையா குறட்டை விட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. செல்லூரில் தறி ராத்திரியும் ஓடும். அந்தத் தடதடப்பில்தான் எனக்குக் கண் அசரும். அங்கே ஒரு சத்தமும் இல்லை. கடல்கூட இல்லை, சத்தம் எங்கிருந்து வரும்? அக்கா இந்நேரம் பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்திருப்பாள், வாசலைப் பார்த்திருப்பாள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

விடியும்போது தண்ணீர் வந்திருந்தது. போனது போலவே, யாரிடமும் சொல்லாமல். அந்தோணி அண்ணன் கழியை ஊன்றித் தள்ளித் தள்ளிப் படகை ஆழத்துக்குக் கொண்டுபோனார். காற்று வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு தேவிபட்டினம், ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை என்று ஒவ்வொரு பஸ்ஸாக மாறி, திருமங்கலத்தில் ஆட்டோ பிடித்தோம். ஒற்றைக் காலில் செருப்பு. சேறு காய்ந்த கால்சட்டை. பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக எழுந்து போய் நின்றுகொண்டார்கள்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. காலை முகூர்த்தம் எப்போதோ போய்விட்டது. எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கிடாக்கறி ஆறிப்போய்க் கிடந்தது. பந்தி விரித்தபடியே இருந்தது, ஓர் இலைகூட விழவில்லை. காது குத்தாமல் சோறு போட மாட்டார்கள். வேப்பமரத்தடி முழுக்கச் சொந்தக்காரர்கள் பசியில் துவண்டு படுத்திருந்தார்கள். காது குத்த வந்த ஆசாரி மரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மொட்டை அடித்த செந்தில் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அழுது அழுது அவனும் தூங்கியிருந்தான். அவனை மடியில் போட்டுக்கொண்டு அக்கா ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததைப் பிறகு சொன்னார்கள். அக்காவின் மாமனார் காலையிலிருந்தே சத்தம் போட்டிருக்கிறார். “நேரம் போச்சு ஆத்தா. ஒஞ் சித்தப்பன் மகன் நிக்கிறான்ல, அவனும் தாய்மாமந்தான? அவன் மடியில வச்சுக் குத்திருவோம்.” சித்தப்பா மகன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு தயாராகத்தான் இருந்தான். அக்கா அசையவில்லை. “எந்தம்பி வருவான். வரும்போது வரட்டும். அதுவரைக்கும் எம் பிள்ள காதுல ஊசி படக் கூடாது” என்றிருக்கிறாள். மாமனாரை எதிர்த்து அவள் பேசியது அந்த ஒரு தடவைதான். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சாயங்காலத்துக்குள் ஒரு நல்ல நேரம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

என்னைப் பார்த்ததும் மாமனார் எழுந்தார். “எங்கய்யா போன?”

“கப்பல்ல வந்தோம் மாமா” என்று முத்தையா முந்திக்கொண்டான்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். “போயி மேல தண்ணி ஊத்திட்டு வா. பிள்ள தும்முவான்” என்றாள். மோட்டார் ரூமில் குளித்து, யாரோ கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். செந்திலை என் மடியில் வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்துக் கடுக்கனைக் கொடுத்தேன். ஆசாரி குத்தியபோது பயல் என் தொடையை நனைத்துவிட்டான். அக்கா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், பிள்ளை கத்துகிறான் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் முத்தையா முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, கடல் எப்படி வற்றியது என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த அக்காதான் மெதுவா வா என்று எழுதியிருக்கிறாள்.

ஒருவழியாக முத்தையா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். திருமங்கலம் மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வேறு யாருக்கோ ரிசப்ஷனாம். பேரனுடைய தாய்மாமன், செந்திலின் மச்சான், துபாயில் இருக்கிறானாம், லீவு கிடைக்கவில்லை. ஒரு ஸ்டாண்டில் செல்போனை நிறுத்தி வைத்து, அதில் அவன் முகத்தைக் காட்டி, குழந்தையை வாடகைக்கு வந்த ராஜா நாற்காலியில் உட்கார வைத்து, பார்லரிலிருந்து ஒரு பெண் வந்து துப்பாக்கி மாதிரி ஒன்றால் டப்பென்று குத்திவிட்டுப் போய்விட்டாளாம். குழந்தை அழக்கூட இல்லையாம். எல்லோரும் அதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

“ஏக்கா, கொஞ்ச நேரம் நின்னுருக்கக் கூடாதா?” என்றேன். “மடிக்கு நான் இல்லையா?”

“மண்டபத்துக்காரன் எங்கடா நிக்க விடுறான்” என்றாள் அக்கா. முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள். “எனக்கும் முன்ன மாதிரி உக்காந்துகெடக்க முடியல.”

செந்தில் வந்து கையைப் பிடித்தான். கோட்டு சூட்டு. “வாங்க மாமா, சாப்டுங்க.” என்னைவிட ஒரு தலை உயரம் அவன் இப்போது. என் கண் என்னை அறியாமல் அவன் காதுக்குப் போனது.

“கடுக்கன் எங்கடா?”

“அதெல்லாம் காலேஜ்லயே கழட்டிட்டேன் மாமா. போடாம விட்டு ஓட்டை தூந்து போச்சு” என்று சிரித்துக்கொண்டே குனிந்து காட்டினான்.

விரலால் நெருடிப் பார்த்தேன். ஒரு கேழ்வரகு அளவுக்குச் சின்னக் கட்டி. அவ்வளவுதான். அந்த ஓட்டைக்காகத்தான் ஒரு கூட்டமே வேப்பமரத்தடியில் பசியோடு கிடந்தது. அதற்காகத்தான் அக்கா பொழுது சாயும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். போன தண்ணீர் திரும்பி வரும் என்று அந்தோணி அண்ணன் சொன்னார், வந்தது. தூர்ந்த காதை என்ன செய்வது? அக்காவைப் பார்த்தேன். அவளும் அவன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.  மண்டபம் என்றும் பார்க்காமல் திரும்பி, டீக்கு வண்டியை நிறுத்தியதற்காக முத்தையாவை வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன்.